அடுப்பின் சூடு ஆகாயத்துக்கா, அண்டாவுக்கா?



நீடாமங்கலம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவன் அடுப்பைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. சாப்பாட்டுக் கடை, மெஸ், டீக்கடை, மிட்டாய்க் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு அடுப்பு எரிந்தால்தான் வியாபாரம். அவர்களில் பெரும்பாலோர் அரிசி, பருப்பு, எண்ணெயை நம்மிடம்தான் மாதக் கணக்கில் வாங்குகிறார்கள். எரிபொருள் செலவு கூடினால் அவர்கள் முதலில் நிறுத்தி வைப்பது நம் பாக்கியைத்தான். ஆகவே அவர்கள் அடுப்பில் வீணாவது நம் கல்லாப்பெட்டியிலிருந்தும் வீணாகிறது.

நல்ல காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி வெப்பம் உண்டு. திறந்த விறகடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. மீதி சுவரைச் சுட்டு, சமையல்காரரைச் சுட்டு, புகையோடு ஆகாயத்துக்குப் போகிறது. இப்படி நாள் முழுதும் வெப்பத்தை விரயம் செய்துவிட்டு, பாத்திரம் கழுவவும் குளிக்கவும் வெந்நீர் வேண்டும் என்று பக்கத்திலேயே கேஸ் அடுப்பைத் தனியாகப் பற்ற வைக்கிறோம். ஒரே சரக்குக்கு இரண்டு முறை விலை கொடுக்கும் வியாபாரி உண்டா? ஆனால் இந்த விஷயத்தில் நாம் அதைத்தான் செய்கிறோம்.

நம் பாட்டிமார் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் வீட்டில் கொடியடுப்பு இருந்தது. பெரிய அடுப்பில் சோறு வேகும். அதிலிருந்து பிரிந்து வரும் அனலில் பக்கத்துக் கொடியில் வெந்நீர் காயும். அதற்கென்று ஒரு சுள்ளி கூடத் தனியாக வைப்பதில்லை. பிற்பாடு கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளிலிருந்து செம்பு பாய்லர் வந்தது. நடுக்குழாயில் கொட்டாங்கச்சி எரியும், சுற்றிலும் தண்ணீர் சுடும். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா வார்தாவில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியபோது, அங்குள்ள மகன்வாடியில் புகைபோக்கி வைத்த அடுப்பை உருவாக்கினார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் உருவாக்கிய மூன்று கண் அடுப்பிலும், முதல் பாத்திரத்தைச் சுட்ட அனல் அடுத்த இரண்டையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகும். எல்லாவற்றிலும் கருத்து ஒன்றுதான்: புகை வெளியேறுமுன் அதனிடம் இன்னொரு வேலை வாங்கு.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் டெல்டாவின் நெல் அவிக்கும் மில்களைப் பாருங்கள். நூறு கிலோ நெல் அரைத்தால் சுமார் இருபது கிலோ உமி வருகிறது. அந்த உமியையே எரித்து, நீராவியாக்கி, ஊறல் தொட்டியின் தண்ணீரைச் சுட வைத்து, நெல்லையும் அவிக்கிறார்கள். டிரையர் உள்ள மில்லில் அதே நீராவி ரேடியேட்டர் குழாய்களுக்குள் ஓட, விசிறிக் காற்று அதன்மேல் பட்டுச் சூடாகி நெல்லைக் காய வைக்கிறது. குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகளைக் கேட்டால், அங்கே சில வீடுகளில் விறகடுப்பின் பின்னால் தண்ணீர்த் தொட்டி பொருத்தி, குளிக்க வெந்நீரும் அறைகளின் ரேடியேட்டருக்குச் சூடும் எடுக்கிறார்கள் என்பார்கள். நமக்கு அறையைச் சூடாக்க வேண்டியதில்லை. சித்திரை வெயில் அதைப் பார்த்துக்கொள்ளும். வெந்நீர் மட்டும் போதும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு மெஸ்ஸில் நாளொன்றுக்கு 40 கிலோ விறகு எரிவதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் 1,60,000 கிலோ கலோரி. இதில் இருபதில் ஒரு பங்கை, அதாவது 8,000 கிலோ கலோரியைப் பிடித்தால், 200 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 68 டிகிரிக்கு ஏறிவிடும். இதையே கேஸில் காய்ச்சினால் நாளைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ கேஸ் ஆகும். 19 கிலோ வணிக சிலிண்டர் பதினைந்து, பதினாறு நாளில் காலி. மாதம் இரண்டு சிலிண்டர்! கரண்டில் காய்ச்சினால் நாளொன்றுக்கு ஒன்பது யூனிட்டுக்கு மேல். இன்றைய விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளும் வேலையை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன். அந்தச் சூடான நீரையே உலை வைக்க எடுத்தால், உலை பாதி தூரம் முன்னதாகவே வந்துவிடுகிறது.

இவ்வளவு ஆதாயம் இருந்தும் ஏன் எல்லோரும் செய்யவில்லை? எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தைச் சொல்கிறேன். என் மைத்துனர் பக்கத்து ஊரில் மெஸ் நடத்துகிறார். நான் சொன்னதைக் கேட்டு, யாரோ ஒரு வெல்டிங்காரரை வைத்து அடுப்புக்குள் இரும்புக் குழாய்ச் சுருள் பொருத்தி, மேலே மூடிய டிரம் வைத்து, இரண்டுக்கும் நடுவே வால்வும் போட்டுவிட்டார். ஒரு நாள் இரவு யாரோ வால்வுகளை மூடியிருக்கிறார்கள். விடியற்காலையில் அதைப் பார்க்காமல் அடுப்பைப் பற்ற வைத்தாகிவிட்டது. சற்று நேரத்தில் சுருள் வெடித்து, கொதிநீரும் தணலும் சமையற்கட்டு முழுதும் சிதறின. சமையல்காரர் பால் வாங்கப் போயிருந்ததால் உயிர் தப்பினார். "அத்தான், இந்த யோசனையே வேண்டாம், கேஸோடு போகிறேன்" என்று மைத்துனர் கையெடுத்துக் கும்பிட்டார். "மாப்ளே, தப்பு விறகில் இல்லை, வால்வில் இருக்கிறது" என்றேன். அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது.

ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். போக வழியில்லாவிட்டால் இரும்பையும் கிழிக்கும். நம் பழைய செம்பு பாய்லர் வெடிக்காததற்குக் காரணம், அதன் வாய் எப்போதும் திறந்திருக்கும் என்பதுதான். குளிர் நாடுகளில் குழாய்க்குள் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிட, அடுப்புத் தொட்டிகள் வெடித்து உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு. மில் பாய்லருக்குச் சட்டமும் ஆய்வாளரும் இருக்கிறார்கள். கடை அடுப்புக்கு நாமேதான் ஆய்வாளர்.

ஆகவே இதைச் செய்ய நினைப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, வெந்நீர்த் தொட்டியின் தலையிலிருந்து ஒரு குழாய் மேலே எழுந்து, குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உயரே போய், திறந்த வாயோடு நிற்க வேண்டும். அதில் வால்வோ மூடியோ கூடவே கூடாது. அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையிலும் வால்வு ஆகாது.

இரண்டாவது, தொட்டி அடுப்பைவிட உயரத்தில் இருக்கட்டும். சூடான நீர் தானே மேலேறும், குளிர்ந்தது தானே கீழிறங்கும். மோட்டார் தேவையில்லை. கரண்டு போனாலும் ஓட்டம் நிற்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, நம் பகுதியில் பல ஊர்கள் நாள் கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

மூன்றாவது, குழாயை நெருப்பின் வாயில் வைக்காமல், பாத்திரங்களைத் தாண்டி புகை போகும் வழியில் வைக்க வேண்டும். நெருப்பிலேயே வைத்தால் சமையல் தாமதமாகும். புகையின் சூட்டை முழுதும் உறிஞ்சிவிடவும் கூடாது. புகை ஆறிப்போனால் மேலே இழுக்காது, புகைபோக்கியில் கரியும் தாரும் படியும். வாரம் ஒருமுறை கரி தட்ட வேண்டும்.

நான்காவது, தண்ணீர் நிரம்பியிருப்பதைப் பார்த்த பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகமானால் குழாயின் உள்ளே படிந்து அடைக்கும்; ஆண்டுக்கு இருமுறையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஐந்தாவது, ஈர விறகு வாங்காதீர்கள். பத்து கிலோவில் மூன்று கிலோ தண்ணீர் இருந்தால், அதைக் காய்ச்சி ஆவியாக்கவே 1,800 கிலோ கலோரி போய்விடும். தண்ணீருக்கு விறகு விலை கொடுத்ததோடு, அதை விரட்டவும் விறகு எரிக்கிறோம்.

கேஸில் சமைப்பவர்களை விறகுக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். புகையில் வெந்த நம் தாய்மார்களின் கண்களையும் நெஞ்சையும் கேஸ்தான் காப்பாற்றியது. ஏற்கனவே விறகோ உமியோ எரிப்பவர்கள் அதை வீணாக்க வேண்டாம் என்பதே என் வாதம். நாட்டுக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ கடலில் ஒரு தகராறு என்றால் இங்கே நீடாமங்கலத்தில் இட்லி விலை ஏறுகிறது. நம் அடுப்பிலிருந்து கிடைக்கும் சூட்டுக்கோ யாரும் விலை ஏற்ற முடியாது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விவரம் தெரிந்த கொத்தனார் ஒருவரையும் பிளம்பர் ஒருவரையும் அழைத்து, உறுப்பினர் ஒருவரின் கடையிலேயே சரியான முறையில் ஒன்றை அமைத்து எல்லோருக்கும் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்கனவே மூடிய டிரம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் அந்த நாளுக்காகக் காத்திராமல், இன்றே வால்வைக் கழற்றி, திறந்த குழாய் வைக்கும் வரை அதை உபயோகிக்காதிருக்க வேண்டும்.

என் மைத்துனர் கடையில் திறந்த குழாய் வைத்து மூன்று மார்கழி ஆகிவிட்டது. பாத்திரம் கழுவும் பெண்கள் விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரில் கை விறைக்க நிற்பதில்லை. அவருக்கு மாதச் செலவு குறைந்திருக்கிறது. என் கடைப் பாக்கியும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது.