அறுபது விநாடி

இன்று வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. 1999-ல் எங்கள் கும்பகோணம் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது தெருவே வந்து எட்டிப் பார்த்தது!

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. தம்பியின் படிப்புக்காகப் பி.எஃப். கடன் போட்டு, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 35,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார். ப்ளஸ் டூவோடு நின்றுவிட்ட எனக்கு அதைத் தினமும் துடைக்கும் வேலை. அம்மா தன் பழைய வாயில் புடவையில் உறை தைத்துப் போட்டாள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு.

அந்த விண்டோஸ் 98-ல் குரலைப் பதிவு செய்யும் வசதி இருந்தது. ஒரு தடவைக்கு அறுபது விநாடிதான் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மைக்கை நீட்டி, "ஏதாவது பேசுங்கப்பா" என்றான். அப்பாவுக்கு டிரங்க்கால் ஞாபகம் போலிருக்கிறது. "ஹலோ! ஹலோ! எல்லாரும் சௌக்கியமா? கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாச்சா?" என்று கத்தினார். நடுவில் வழக்கமான இருமல் வேறு! அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

2004-ல் தம்பி வேலைக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். பழையதைக் காயலான் கடைக்குப் போட்டோம். கிடைத்த 300 ரூபாயை எண்ணி வாங்கியதே அப்பாதான். ஆள் எதிரே இருக்கும்போது குரலைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்?

2007-ல் அப்பா காலமானார். முதல் வருஷத் திதியன்று, பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டா, கம்ப்யூட்டர்ல அப்பா பேசினாரே, அது இருக்கா?" தம்பி பதில் சொல்லவில்லை. கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டான்.

அந்த அறுபது விநாடிப் பேச்சு சுமார் 1.3 மெகாபைட்தான் இருந்திருக்கும். ஒரு பிளாப்பியில் 1.44 மெகாபைட் கொள்ளும். ஒரே ஒரு பிளாப்பி போதும்! மேஜை டிராயரில் டப்பா நிறையக் கிடந்தது.

இளம் தாய்மார்களே, குழந்தையின் மழலையையும் வீட்டுப் பெரியவர்களின் பேச்சையும் போனில் பிடித்து வைக்கிறீர்கள் அல்லவா? அதை இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்குமுன், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போட்டுக் கேட்டும் பாருங்கள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. போன மாதம் ரசப்பொடி அளவை அவள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். பெண்ணின் போனில் ஒரு பிரதி, பீரோவில் பென் டிரைவில் ஒரு பிரதி. "இத்தனை வருஷமா சமைக்கிறே, இதுகூடவா தெரியாது?" என்று அம்மா என்னைத் திட்டுவதும் அதில் இருக்கிறது. பெண் அதை வெட்டிவிடலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.