பாதியில் நின்ற விமானமும் நம் பக்தியும்

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிய கதைகளில் ஒரு வகை நம் இலக்கிய நண்பர்களுக்கு மிகவும் உவப்பானது. ஒருவர் பல்லாண்டு உழைத்து விமானத்தைப் பாதிவரை கட்டுகிறார். நோயோ முதுமையோ மரணமோ குறுக்கிடுகிறது. மகனோ, நண்பனோ, விலைக்கு வாங்கிய அந்நியனோ அந்த எலும்புக்கூட்டை எடுத்துச் சென்று, அவர் 'விட்ட இடத்திலிருந்து' தொடங்கி முடிக்கிறான். விமானம் எழுகிறது, கேட்போர் கண்ணில் நீர் துளிர்க்கிறது. இக்கதையின் உயிர்நாடியான 'விட்ட இடத்திலிருந்து' என்னும் சொற்றொடரே பிழையானது என்பது நம் கட்சி. இந்தப் பிழையின் விலை உயிராகவும் இருக்கக்கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம்.

நண்பர்கள் உடனே இலக்கியத்தைத் துணைக்கழைப்பார்கள். 1954இல் கல்கி மறைந்தபின் 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி எழுதி முடிக்கவில்லையா? முன்னவர் உள்ளக்கிடக்கையை உணர்ந்து, அவர் நடையைச் சிதைக்காமல், தன்னை மறைத்துக்கொண்டு முடிப்பதல்லவா பின்னவரின் அறம்? நாவலுக்கு அது பொருந்தலாம். முன்பாதி ஒரு தரம், பின்பாதி ஒரு தரம் என்று வாசகர் சொல்லிவிட்டுப் போகலாம்; ஒட்டிய இடம் தெரிந்தால் முகம் சுளிக்கலாம்; எவருக்கும் எலும்பு முறியாது. விமானத்தில் ஒட்டிய இடம் வேறு வகையில் தெரியவரும். ஆகவே இந்த உவமையை நாம் முதலிலேயே மறுக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின்படி, ஒரு விமானம் 'சோதனை வகை'யில் 'தொழில்முறையல்லாதார் கட்டியது' என்று பதிவாக வேண்டுமானால், அதன் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் உழைத்தவர்கள் செய்திருக்க வேண்டும். வழக்கில் இதனை '51 விழுக்காட்டு விதி' என்பர். ஒரே ஆள் கட்ட வேண்டும் என்று விதி கேட்கவில்லை. தொடங்கியவர் உழைப்பும் முடித்தவர் உழைப்பும் சேர்ந்தே கணக்காகும். ஆனால் அதற்குச் சான்று வேண்டும்: குறிப்பேடு, படங்கள், ரசீதுகள். சான்றிதழ் வழங்க வருகிறவர் முடிந்த விமானத்தைத்தான் பார்ப்பார். மூடிய இறக்கைக்குள் இருப்பதற்கு அந்தக் குறிப்பேடே சாட்சி. குறிப்பேடு இல்லாத அரைகுறை விமானத்தை 'நல்ல மனிதர் கட்டியது' என்று சொல்லி வாங்குகிறவன், விமானத்தை வாங்கவில்லை. ஒரு வதந்தியை வாங்குகிறான்.

ஆண்டுதோறும் விமானத்தைச் சோதித்துத் தகுதி சொல்லும் உரிமைச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது முதன்மைக் கட்டுநருக்கு உரியது. அவரும், விமானம் பாதுகாப்பான நிலையில் உள்ளதா என்று தீர்மானிக்கும் திறன் தமக்கு உண்டென நிறுவ வேண்டும். விமானத்தை விற்றால் அச்சான்றிதழ் கூடவே போகாது. விதியை எழுதியவர்களுக்குக் கவிதை தெரியாதிருக்கலாம். ஆனால் அறிவு கைமாறுவதில்லை, பொருள்தான் கைமாறுகிறது என்பது தெரிந்திருக்கிறது.

இனி, பொருளைப் பார்ப்போம். அலுமினியத் தகட்டால் கட்டும் விமானம் ஓரளவு நேர்மையானது. அடித்த ரிவெட்டின் மறுதலை, ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும் என்பது எளிய அளவுகோல். தகடு திறந்திருக்கும்வரை யாரும் அளந்து பார்க்கலாம். கண்ணாடியிழையும் எப்பாக்சியும் கொண்டு கட்டுவது வேறு கதை. இழைப்படலம் பூச்சுக்கு முன் ஒளி ஊடுருவுவதாக இருக்கும்; உள்ளே காற்று சிறைப்பட்ட இடங்கள் வெளுப்பாகத் தெரியும். நிரப்பு மாவும் வண்ணமும் பூசிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும். ஆகவே பளபளவென்று நிற்கும் அரைகுறை விமானத்தைவிட, வண்ணமின்றி அழுக்காக நிற்பதே நம்பத்தக்கது. நம் கதைகளிலோ எப்போதும் பளபளப்பதுதான் மனத்தை உருக்குகிறது!

பிறர் கைவேலையை அறியாமல் ஏற்பதன் விலைக்குப் பொதுவெளியில் உள்ள சான்று பாடகர் ஜான் டென்வரின் மரணம். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் அவர் ஓட்டிய 'லாங்-ஈஸி' விமானம் விழுந்தது. பர்ட் ரூட்டானின் வடிவமைப்பு, கட்டியவர் வேறொருவர். பாதியில் விட்டதன்று, முடித்துப் பறந்துகொண்டிருந்த விமானந்தான். எனினும் நம் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. வரைபடத்தின்படி எரிபொருள் வால்வு விமானியின் கால்களுக்கிடையில் இருக்க வேண்டும். கட்டியவர் அதனை இடத்தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். காரணமின்றி அன்று: விமானி அமரும் அறைக்குள் எரிபொருள் வரக்கூடாது என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணமே. ஆனால் அந்தக் கைப்பிடியைத் திருப்ப விமானி உடலை முறுக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அப்படித் திரும்பும்போது கால் தன்னையறியாமல் வலச் சுக்கான் மிதியை அழுத்தியதால் விமானம் கட்டுப்பாடு இழந்தது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுகட்டியது. எரிபொருள் நிரப்பாமல் புறப்பட்டது, புதிய விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது, குறியீடு இல்லாத வால்வும் அளவுமானியும் ஆகியவற்றையும் அது சேர்த்தே குறித்தது.

இதில் நாம் காண்பது யாது? கட்டியவரிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்குப் பொருத்தமான பழக்கமும் அவர் உடலில் இருந்திருக்கும். விமானம் கைமாறியபோது வால்வு மட்டுமே வந்தது, பழக்கம் வரவில்லை. பிறன் தொடங்கியதை முடிக்கிறவனுடைய முதற்கடமை இதுவே: வரைபடத்திலிருந்து எங்கெல்லாம் விலகல் உண்டோ, அங்கெல்லாம் நின்று 'ஏன்?' என்று கேட்பது. விடை கிடைக்கவில்லையா, வரைபடத்துக்குத் திரும்புவது. 'அவர் யோசித்துத்தான் செய்திருப்பார்' என்பது மரியாதை போலத் தோன்றும் சோம்பல்.

முன்னவர் குற்றமற்றவராக இருந்தாலும் காலம் குற்றமற்றதன்று. லைக்கமிங் எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் மேற்புறம் இருக்கிறது. ஓடாமல் கிடந்தால் எண்ணெய் வடிந்து துரு பிடிக்கும். ரப்பர்க் குழாய்கள் இறுகிப்போகும். தொழிற்சாலையிலிருந்து வந்த பாகமும் விலக்கல்ல. வேன்ஸ் நிறுவனம் லேசரால் துளையிட்டு அனுப்பிய பாகங்களில், துளையைக் குழித்தபோது விரிசல் தோன்றியது 2023இல் பெரும் பிரச்சினையானது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. அக்காலத்துப் பெட்டியொன்றை இன்று வாங்கி முடிக்க நினைப்பவன், எந்தத் தகடு எப்படித் துளையிடப்பட்டது என்று கேட்டே ஆக வேண்டும். கேட்பது இறந்தவரை அவமதிப்பதாகுமா?

ஆகும் என்பார் சிலர். தந்தை அடித்த ரிவெட்டை மகன் துளைத்தெடுப்பது நெஞ்சைப் பிளக்காதா என்பார்கள். பிளக்கட்டும். சோதனை வகை விமானத்தில் பயணி கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும்: இது தொழில்முறையல்லாதார் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று என்று அது சொல்லும். அதைப் படித்தபின்னும் பின் இருக்கையில் ஏறி அமரும் மனைவியோ தோழனோ யாரை நம்பி ஏறுகிறார்கள்? இறந்தவரையா? இல்லை, முன்னால் அமர்ந்திருப்பவனை. அவனுடைய கடன் உயிரோடிருப்பவர்களுக்கே. 2012இல் அதே வாரியம் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் கட்டிய விமானங்களில் விபத்துகள் முதற்சில பறத்தல்களிலும், புதிய உரிமையாளர் கைக்கு வந்த தொடக்கக் காலத்திலும் மிகுதி என்று காட்டியிருக்கிறது. கைமாறும் அந்த வேளையில்தான் நம் கதாசிரியர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'தொண்ணூறு விழுக்காடு முடிந்தது, இன்னும் தொண்ணூறு பாக்கி' என்பது அந்தக் கொட்டகைகளில் வழங்கும் பழமொழி. அதில் நாம் ஒரு திருத்தம் சொல்வோம்: பிறர் முடித்த தொண்ணூறையும் மீண்டும் ஒருமுறை நீ முடித்தாக வேண்டும். ஒவ்வொரு ரிவெட்டையும் அளந்து, ஒவ்வொரு குழாயையும் கழற்றி, விளங்காததைப் பிரித்து, விளங்கியதைக் குறிப்பேட்டில் உன் கையால் எழுதிய பிறகு அந்த விமானம் உன்னுடையது. தொடங்கியவர் பெயரையும் உடன் பொறித்துக்கொள். அதற்கு நாம் தடை சொல்லவில்லை. அவர் வேலையில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று உண்மையாகச் சொல்லக்கூடியவன் அப்போது நீ ஒருவனே. 'விட்ட இடத்திலிருந்து' தொடங்குகிறவனைவிட, முதல் ரிவெட்டிலிருந்து தொடங்குகிறவனே அவரை மதித்தவன்.