கஞ்சி வடிக்காத வீடு

ஆண்டு விழாவில் ஆடும் பெண்பிள்ளைகள் எல்லோரும் முடியை நேராக்கிக்கொண்டுதான் மேடையேற வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. என் தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பள்ளி அது. வரிசையாக நிற்கும்போது எல்லாத் தலையும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமாம். இந்த வாரம் முழுக்க எனக்கு ஆறாத கோபம் இதுதான்.

அவளுக்கு எங்கள் அம்மா வழிச் சுருட்டை முடி. விழா அன்று தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் முழுதும் காயாமல் போயிருக்கிறாள். ஒப்பனைக்கு வந்தவர் அப்படியே உட்காரவைத்து அயர்னிங் மெஷினை வைத்து இழுத்துவிட்டார். சுர்ரென்று சத்தம் வந்தது, புகை வந்தது, கருகல் வாடை அடித்தது என்று பிள்ளை சொல்கிறது. இரண்டு நாள் கழித்துத் தங்கை போனில் கூப்பிட்டாள். “அக்கா, மேல சுருள் இருக்கு, பாதிக்குக் கீழ வைக்கோல் மாதிரி தொங்குது. சீப்பு வச்சா ஒடிஞ்சு வருது. என்னக்கா தடவுறது?”

பிள்ளை பார்த்த புகையில் பெரும்பங்கு நீராவி. வீட்டில் வைத்துக்கொள்ளும் சாதாரண மெஷினே 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். சில 230 வரை போகும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். ஈரமுடியின் உள்ளே தங்கியிருக்கும் நீர் அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் முடித்தண்டுக்குள்ளேயே குமிழ் குமிழாக உப்பும். குமிழ் விழுந்த இடத்தில்தான் பிறகு முடி ஒடிகிறது. சுருளைத் தாங்கி நிற்பது கெரட்டின் என்னும் புரதம். காய்ந்த முடியில் அது ஓரளவு சூட்டைப் பொறுக்கும். ஈரமுடியில் அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே குலைந்துபோகும். அளவான சூட்டில் நேராக்கிய முடி, தலைக்குத் தண்ணீர் விட்டதும் பழையபடி சுருண்டுகொள்ளும். புரதமே குலைந்த முடி எத்தனை முறை நனைத்தாலும் சுருளாது.

தங்கையிடம் முதலில் உண்மையைத்தான் சொன்னேன். கருகிய முடியை ஆற்றும் மருந்து எந்தச் சமையலறையிலும் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. புண் ஆறுவதுபோல் அது ஆறாது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். புதிய சுருள் மேலிருந்து வரட்டும். ஒடியும் நுனியைக் கொஞ்சங்கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மிச்சமிருப்பதை ஒடியாமல் காப்பாற்றுவதுதான் வீட்டு வைத்தியத்தின் வேலை. அது சின்ன வேலையல்ல. சுருட்டை முடியில் தலையின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. அதனால் பிறவியிலேயே அது வறண்ட முடி. அதன்மேல் சூடும் பட்டால் கேட்கவே வேண்டாம்.

எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய், அதுவும் குளிப்பதற்கு முன்னால். மும்பை ஆராய்ச்சியாளர்கள் 2003இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்து எழுதினார்கள். அலசும்போது முடியிலிருந்து கரைந்துபோகும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் இறங்குகிறது. மற்றவை மேலேயே நின்றுவிடுகின்றன. முதல்நாள் இரவே தடவி ஊறவிட்டு மறுநாள் அலசும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. ஆனால் எண்ணெய் தடவிய தலையில் மெஷினை வைக்கவே கூடாது.

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் வேண்டாம். ஒன்று கடும் புளிப்பு, மற்றது காரம். செதில் எழும்பி நிற்கும் முடிக்கு இரண்டுமே ஆகாது. முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. அதைச் சாப்பிடக் கொடுப்பதே நல்லது. செம்பருத்தி இலை, சோற்றுக்கற்றாழை, ஊறவைத்து அரைத்த வெந்தயம் ஆகியவை தரும் வழுவழுப்புத்தான் நமக்குத் தேவை. அது முடிமேல் மெல்லப் படிந்து, சிக்கு பிரிக்கும்போது இழையோடு இழை உரசாமல் பார்த்துக்கொள்ளும். வெந்தய விழுது தலையில் இருக்கும்போதே, நுனியில் தொடங்கி மேல்நோக்கி, விரலாலேயே சிக்கெடுக்க வேண்டும். சுருட்டை முடியைக் காய்ந்தபின் வாரக் கூடாது.

“வெந்தய விழுதை வடிகஞ்சியில கரைச்சுக்க, சீயக்காயையும் கஞ்சியிலயே குழைச்சுத் தேய்” என்று முடித்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: “கஞ்சிக்கு எங்கக்கா போறது?”

அந்தக் கேள்விக்குப் பிறகு பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை என் மனதில் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. அவள் வீட்டில் சோறு வேகுவது குக்கரில். குக்கர் மேல் எனக்குள்ள பழைய வழக்கு இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். பருப்புக்கும் கடலைக்கும் அது வரட்டும். காலையில் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதும் எனக்குத் தெரியும். கொதிக்கும் பானையைச் சாய்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட பெண்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. என் வருத்தம் அரிசிக்கு மட்டும்தான். அளந்து தண்ணீர் விட்டு, சோறு அதை முழுதும் குடித்துவிடும்படி சமைக்கத் தொடங்கியதும் கஞ்சி என்ற பொருளே வீட்டைவிட்டுப் போய்விட்டது. அதோடு போனவற்றை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அம்மா பானைமேல் தட்டை மூடி, கைப்பிடித் துணியால் இறுக்கிச் சாய்த்து வைப்பாள். கஞ்சி கனமான சட்டியில் இறங்கும். அதில் ஒரு பங்கு உப்பும் மோரும் கலந்து எங்களுக்குக் குடிக்க. அரிசியிலிருந்து தண்ணீரில் கரைந்துபோகும் பி வைட்டமின்களில் கொஞ்சமாவது அப்படி வயிற்றுக்குத் திரும்பி வந்தது. ஒரு பங்கு பருத்திப் புடவைக்கு. மிச்சம் கழுநீர்த் தொட்டிக்கு, மாட்டுக்கு. சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் ஒரு சொம்பு தனியாக எடுத்து ஆறவைத்திருப்பாள், தலைக்கு. சீயக்காய்த்தூள் வெறும் தண்ணீரில் குழைத்தால் திப்பிதிப்பியாக முடியில் ஒட்டிக்கொண்டு உரசும். கஞ்சியில் குழைத்தால் தலையில் வழுக்கிக்கொண்டு பரவும். அரப்புக்கும் அப்படியே. முன்பு அரப்பைப் பற்றி எழுதியபோது கொங்குநாட்டு வாசகர்கள் பலர், கஞ்சியைச் சொல்லாமல் அரப்பைச் சொன்னது குறைதான் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரி.

கஞ்சி முடிக்கு என்ன செய்கிறது என்று அறிய நெசவாளர் தெருவுக்குப் போனால் போதும். தறியில் ஏறும் பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் ஒரு முழம் நெய்ய முடியாது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, தூரிகையால் நீவிக் காயவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுக்கும் அரிசிக் கஞ்சி உண்டு. ஒவ்வொரு இழையின்மேலும் மாவுச்சத்து மெல்லிய போர்வையாகப் படிந்து, பஞ்சு பிரிந்து நிற்காமல் படியவைக்கிறது. தறியின் ஓயாத உரசலில் நூல் அறாமல் காக்கிறது. செதில் எழும்பிய முடிக்கும் சீப்புக்கும் தலையணைக்கும் நடுவில் கஞ்சி செய்வது அதே வேலை. சீனாவின் குவாங்சிப் பகுதியில் ஹுவாங்லுவோ என்ற ஊரில் யாவோ இனப் பெண்கள் அரிசி களைந்த தண்ணீரைப் புளிக்கவைத்துத் தலை அலசுகிறார்கள். அவர்களுடைய நீண்ட முடியைப் பார்க்கவே ஊருக்கு ஆள் வருகிறது. அவர்கள் முடி சுருட்டையல்ல. ஆனாலும் அந்தத் தண்ணீரை அவர்கள் கீழே ஊற்றவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். அதைப் பார்த்துவிட்டு இன்று நம் ஊரிலேயே அரிசித் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். நெல் விளையும் காவிரிக் கரையில் பிறந்த பெண் அதைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தலைக்குக் கஞ்சி நீர்க்க இருக்க வேண்டும். பச்சரிசிக் கஞ்சி கெட்டி. புடவை விறைக்க அதுதான் நல்லது. தலைக்கென்றால் அதில் பாதிக்குமேல் தண்ணீர் சேர்க்க வேண்டும். புழுங்கலரிசியில் மாவு குறைவாகவே கரைந்து வரும் என்பதால் அந்தக் கஞ்சி தலைக்குத் தோது. உப்புப் போடாமல் வடித்ததாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை போதும். தேய்த்தபின் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும், தங்கிவிட்டால் முடி விறைக்கும். துடைக்கப் பழைய பருத்தி வேட்டி. முரட்டுத் துவாலை வேண்டாம். சாம்பிராணி காட்டினால் கூடையைச் சற்றுத் தள்ளியே வைக்கலாம்.

தங்கை இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் பானையில் சோறு வடிக்கிறாள். அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய அண்டாவில் சமைக்கும் மெஸ்களில் இன்றும் சோற்றை வடித்துத்தான் இறக்குகிறார்கள். பகல் பதினொரு மணிக்குத் தூக்குவாளியோடு போய்க் கேட்டால் எங்கள் தெருமுனை மெஸ்காரம்மா ஒரு பைசா வாங்காமல் ஊற்றிக் கொடுக்கிறார். உங்கள் ஊரில் எந்தக் கடையில் கிடைக்கிறது, உங்கள் வீட்டில் கஞ்சியோடு வேறென்ன சேர்த்தார்கள் என்று எழுதுங்கள். வந்ததை எல்லாம் அடுத்த வாரம் இதே இடத்தில் ஊர்வாரியாகப் போடுகிறேன்.