மறுபடியும் பூட்டைப் பற்றி

சென்ற வாரக் கடைசியில் நம் மாநிலத்துப் பள்ளியொன்றின் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன்; அன்று மூண்ட கோபம் இவ்வரிகளை எழுதும்வரை தணியாததால், பாரோய்ச் சந்தையின் மீன் விலையைப் பற்றிச் சென்ற இதழில் வாக்களித்திருந்த கட்டுரைக்காக வாசகர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விழாவுக்குத் தலைமை வகித்த பிரமுகர், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய யுஐடிஎம்சாட்-1 என்னும் துணைக்கோளைப் பற்றி வெகுநேரம் பிரசங்கித்தார். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டரே கொண்ட அந்தச் சிறு பெட்டி, பூட்டான், பிலிப்பீன்ஸ் நாடுகளின் பெட்டிகளோடு சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று, அங்குள்ள ஜப்பானியக் கூடமாகிய கிபோவிலிருந்து 2018 ஆகஸ்டு 10-ஆம் தேதி ஆகாயத்தில் விடப்பட்டது என்பது உண்மை. பெருமைப்பட வேண்டிய உண்மையுங்கூட. பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டிய கையோடு, இப்பிள்ளைகளின் விஞ்ஞான அறையைப் பார்க்கலாமா என்று கேட்டதுதான் வினையாயிற்று.

அறை திறந்திருந்தது, அலமாரி திறந்திருக்கவில்லை. அலமாரியின் சாவி துணைத் தலைமையாசிரியரின் இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையின் சாவி எழுத்தரிடம் இருந்தது. எழுத்தரோ விடுமுறை நாளில் வருபவரல்லர். கண்ணாடிக்கு உள்ளே இரண்டு நுண்ணோக்கிகளும், ஒரு வரிசைக் குடுவைகளும், உறை பிரிக்கப்படாத காந்தங்களும் வீற்றிருந்தன. “உடைந்தால் கணக்குக் காட்டணுமே ஐயா” என்றார் உடன் வந்த இளம் ஆசிரியை. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு குடுவை குறைந்தால் அவர்தாமே பதில் சொல்ல வேண்டும்?

இவ்விடத்தில் வழக்கமான வாசகர்கள் பெருமூச்சு விடுவது என் காதில் விழுகிறது. கோயில் மண்டபத்து நூலகப் பூட்டைப் பற்றி எழுதியபோதே, இந்த மனிதருக்குப் பூட்டைத் தவிர வேறு சிந்தனையே கிடையாதா என்று கேட்டவர்கள் உண்டு. கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரமுகர் சொல்லாமல் விட்ட கதையொன்று உண்டு. அதே விண்வெளி நிலையத்தில், வெளியே விடுவதற்கென்று அல்லாமல் உள்ளேயே மிதக்கவிடுவதற்கென்று செய்யப்பட்ட துணைக்கோள்கள் மூன்று இருந்தன. அவற்றுக்கு ஸ்பியர்ஸ் என்று பெயர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் டேவிட் மில்லர், 1999-இல் தம் மாணவர்களுக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் அந்தரத்தில் மிதக்கும் பயிற்சிப் பந்தைக் காட்டி, இப்படி ஒன்றைச் செய்யுங்கள் என்றாராம். 18 முகங்களோடு, கைப்பந்தின் பருமனும் சுமார் 4 கிலோ எடையும் கொண்ட அக்கோள்கள் 2006-இல் நிலையத்தை அடைந்தன. கரியமில வாயுவை 12 சிறு துளைகளின் வழியே பீச்சி அவை நகரும். சுவரில் பொருத்திய கருவிகள் எழுப்பும் மீயொலியைக் கேட்டுத் தாம் இருக்குமிடத்தைத் தாமே கணித்துக்கொள்ளும். இரண்டு கோள்கள் விலகாமல் அணிவகுத்துச் செல்வது எப்படி, ஒன்றையொன்று நெருங்கிப் பொருந்துவது எப்படி என்பனவே பரீட்சைகள். பூமியில் வழவழப்பான தளத்தின்மேல் சறுக்கவிட்டுப் பார்த்தால் நாற்புறமும் நகரலாம், நின்ற இடத்தில் சுழலலாம். மேலே எழுவதும் குட்டிக்கரணம் போடுவதும் எடையின்மையில்தான் வாய்க்கும்.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது அந்த நுட்பமன்று. கிபோவிலிருந்து வெளியே விடப்பட்ட துணைக்கோளில் கோளாறு நேர்ந்தால் எந்தக் கையும் அதை எட்டாது. உள்ளே மிதப்பதோ வழி தவறினால் மெல்லச் சுவரில் முட்டும், விண்வெளி வீரர் கைநீட்டிப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார், பூமியிலிருப்பவர்கள் நிரலைத் திருத்தி அனுப்புவார்கள், பரீட்சை மறுபடி தொடங்கும். இத்தனை பொருட்செலவில் ஆகாயத்தில் கட்டிய மாளிகைக்குள், தவறு செய்வதற்கென்றே ஒரு மூலையை ஒதுக்கி வைத்தார்கள். 2009 முதல் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எழுதிய நிரல்களையும் அம்மூலைக்குள் அனுமதித்தார்கள். பிற்பாடு ஆஸ்ட்ரோபீ என்னும் பறக்கும் இயந்திரங்கள் அவ்வேலையை ஏற்றன. அது கிடக்கட்டும்.

அந்தக் கோள் ஒவ்வொன்றுக்கும் உயிர் கொடுத்தவை, கடையில் சில்லறைக்கு விற்கும் சிறு பேட்டரிக் கட்டைகள் 16. அதைப் படித்தவுடன் எனக்கு ஸ்பியர்ஸ் மறந்துபோய் அப்பா நினைவுக்கு வந்தார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன அவர், தீர்ந்துபோன கட்டைகளை எறியாமல் எனக்கென்று ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பார். அதற்குக் காரணம் பெ. நா. அப்புசாமி.

அப்புசாமியைப் பற்றி இப்பத்தியில் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் 1891-இல் பிறந்து, சட்டம் பயின்று வக்கீலான அவர், 1917-இல் ‘தமிழர் நேசன்’ பத்திரிகையில் விஞ்ஞானம் எழுதத் தொடங்கி, 1986-இல் காலமாகும்வரை எழுத்தை விட்டவரல்லர். அவருடைய ‘மின்சாரத்தின் விந்தை’ அட்டை கிழிந்த நிலையில் தோட்டத்துக் கிராணியாரின் வீட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது. சிறுவர்களிடம் கொஞ்சாமலும் படிக்காதவர்களை மிரட்டாமலும், எதிரே இருப்பவனுக்குப் புரியும் என்ற நம்பிக்கையோடு பேசும் அந்த நடையைப் பிறகு வந்த எத்தனையோ விஞ்ஞான நூல்களில் நான் தேடித் தோற்றிருக்கிறேன். படித்த உற்சாகத்தில் ஓர் ஆணியில் கம்பியைச் சுற்றி அப்பாவின் கட்டைகளோடு இணைப்பேன். ஆணி சும்மா கிடக்கும். சுற்றைக் கூட்டுவேன், கட்டையை மாற்றுவேன், கம்பியின் முனையைச் சுரண்டுவேன். கடைசியில் ஒரு குண்டூசி ஒட்டும், அதுவும் அரை மனத்தோடு. கட்டை வீணாயிற்றே என்று கேட்பாரில்லை. வீணானதைத்தானே அப்பா கொடுத்திருந்தார்! கையெழுத்துப் போடத் தடுமாறிய அந்த மனிதர் எனக்கு அளித்த விஞ்ஞானக் கல்வியை, பின்னாளில் சிரம்பானில் நான் படித்த எந்த வகுப்பும் அளிக்கவில்லை.

தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. தகர டப்பாவின் இடத்தைக் கண்ணாடி அலமாரி பிடித்துக்கொண்டது. ஆதலால் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மேடை அலங்காரத்துக்கும் மாலைகளுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு, உடைவுச் செலவு என்று தனியே ஒரு தலைப்பிட்டு 500 ரிங்கிட்டாவது ஒதுக்கும்படி தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆண்டு முடிவில் அந்தப் பணம் செலவாகாமல் மிஞ்சியிருந்தால், ஏன் மிஞ்சியது என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள்.