விதையைக் காத்தோம், தறியை விட்டோம்

டெல்டாக்காரர்களான நமக்கு அழிவதை மீட்கத் தெரியும். 2006 முதல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, மறுவருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். வாங்கினோம், விதைத்தோம், கொடுத்தோம். மாப்பிள்ளைச் சம்பா பிழைத்தது. அதே டெல்டாவில் இருக்கும் திருபுவனத்துப் பட்டுத் தறிகளுக்கு அப்படி ஒன்றும் நாம் செய்யவில்லை.

அவ்வூர்க் கோயிலில் சரபேஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்பும்போது தறிச் சத்தம் நம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? பாவு தீர்ந்ததும், விரலில் சாம்பல் தொட்டு, புது இழையைப் பழைய இழையோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கான இழைகள். அதற்குப் பிறகுதான் நாடா ஓடும். ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். வயல் மூழ்கினால் சாலை மறியலுக்கு இறங்கும் நாம், தறிக்குழி மூழ்கியதை விசாரித்ததுகூட இல்லை.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955 முதல் அங்கேயே இருக்கிறது. முகூர்த்தப் புடவைக்கு நாம் காஞ்சிபுரத்துக்கு வேன் பிடித்தோம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமையாகச் செய்தி அனுப்பிக்கொண்டோம். நெசவாளி வீட்டுப் பிள்ளை திருப்பூர் பஸ் ஏறியபோது, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்றோம்.

ஏற்கெனவே தறி நின்றுபோன ஊர், கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் கோடாலிக் கருப்பூர். பருத்தியில் சரிகை இழைத்து நெய்து, மெழுகு எழுதிச் சாயம் ஏற்றிய அவ்வூர்ப் புடவைகள் தஞ்சை மராட்டிய அரண்மனைக்குப் போயின. 1855இல் அரசு போனது. வாங்க ஆளில்லாமல் தொழிலும் தேய்ந்து நின்றது. அந்தப் புடவை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பெட்டிகளில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் திருபுவனத்தையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்துவிடலாம். நெசவை அப்படி வைக்க முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் பழக வேண்டும். பழகும் காலத்தில் அந்தப் பிள்ளைக்குக் கூலி யார் தருவது? பயிற்சி என்ற பேச்செல்லாம் இங்கேதான் முறிகிறது. கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கும் ஊர்கள் நம்முடையவை. கற்றுக்கொடுக்கும் பெரியவருக்கும் கற்க வரும் பிள்ளைக்குமாக ஒரு வருடமாவது அந்த வரியைப் போட்டிருக்கலாம். எந்த ஊர்க் கூட்டத்திலும் நாம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.