சாத்தூரில் யாரும் அளக்காத ஈயம்

பட்டாசில் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய ஐந்தும் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை நிறைவேற்றும் பொறுப்பை பெசோ எனப்படும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தபோது, சிவகாசியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 2015-ல் டெல்லிக் குழந்தைகள் மூவரின் பெயரில், அவர்களுடைய நுரையீரலுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. வழக்கு நியாயமானது, தடையும் நியாயமானது. ஆனால் புகையில் தொடங்கிய வழக்கு புகையோடு நின்றுவிட்டது. அந்தப் பட்டாசு டெல்லி மொட்டைமாடியில் ஒரு நிமிடம் எரிகிறது. சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆலைகளில் அதன் மருந்தைச் சலித்து, கலந்து, அடைத்து, காயவைக்கும் கைகளோ வருடத்தில் பத்து மாதம் அதிலேயே புழங்குகின்றன. அந்தக் கைகளுக்கு உரியவரின் உடலில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க அந்த உத்தரவில் இடமில்லை. அதற்குப் பின் வந்த எந்த நடவடிக்கையும் அந்தப் பக்கம் திரும்பியதாகத் தெரியவில்லை. ஈயத் தடை மெய்யாகவே அமலில் இருக்கிறதா என்பதை அறிய வேண்டுமானால் வெடித்த பட்டாசின் புகையை விட வேலை செய்பவரின் ரத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

ஈயம் பட்டாசுக்குள் ஏன் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வாதம் விளங்கும். ஈயச் செந்தூரம் என்பது ஆரஞ்சும் சிவப்பும் கலந்த, மிக நுண்ணிய, கனமான தூள். ஒரு மூலக்கூறில் மூன்று ஈய அணுக்களோடு நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த சேர்மம். பேட்டரித் தகடு, கண்ணாடி, பீங்கான் மெருகு, இரும்புப் பாலங்களுக்கு அடிக்கிற துருத்தடுப்புப் பூச்சு என்று உலகமெங்கும் நூற்றாண்டுகளாக உழைத்த பொருள் இது. (இன்று ஹார்டுவேர் கடையில் ‘ரெட் ஆக்சைடு’ என்று கேட்டால் கிடைப்பது இரும்பு ஆக்சைடு. அது வேறு, இது வேறு.) வாணவேடிக்கையில் இதற்கு இருந்த வேலை ஒரு சத்தம். வானத்தில் விரிந்த பூ உதிரும்போது எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் படபடவென்று கேட்கிறதே, அதுதான். மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த உலோகத்தூளோடு ஈயச் செந்தூரத்தைச் சேர்த்துச் சிறு மணிகளாக்கினால், மணி முதலில் வெளியே தெரியாமல் கனன்று, சூடு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் செந்தூரத்தின் ஆக்சிஜனை உலோகம் ஒரே மூச்சில் பறித்துக்கொண்டு படாரென்று சிதறும். இதே வேலையை பிஸ்மத் ஆக்சைடும் செய்யும். விலை கூடுதல், நஞ்சு மிகக் குறைவு. ஐரோப்பியப் பட்டாசுத் தரநிலைகள் ஈயத்தை விலக்கிவைத்த பிறகும் அங்கே வானம் பொரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆக ஈயம் இல்லாமல் தொழில் நடக்காது என்ற பேச்சுக்கே இடமில்லை. விலை வித்தியாசம் மட்டுமே மிச்சம். அந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்த நினைப்பவர், உள்குத்தகைக்கு அறை எடுத்து ஃபேன்சி ரகத்துக்கு மணி மருந்து உருட்டிக் கொடுக்கும் சிறிய ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெசோ அதிகாரியின் கண் கடைசியாகப் போய்ச்சேரும் இடமும் அதுதான்.

உடலுக்குள் போன ஈயம் கால்சியத்தின் வேடத்தில் நடமாடுகிறது. ரத்தத்தில் அதன் பாதி அளவு குறைய ஏறத்தாழ ஒரு மாதம் போதும். எலும்பில் குடியேறிவிட்டால் பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்பிணியின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது ஈயமும் கூடவே கரைந்து, நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது. பெரியவர்களை விடச் சிறு குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். வேலை முடிந்து அதே சேலையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால் தூசும் கூடவே வரும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது அந்த நிறுவனம். இதில் கொடுமையான அம்சம் என்னவென்றால், அறிகுறிகள் எல்லாமே ஏழைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நோய்களின் சாயலில் வருகின்றன. ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை. வயிற்றுவலி என்றால் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. தலைவலி, அசதி என்றால் வெயில். ரத்தக்கொதிப்பு வயதுக் கோளாறு. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் அது பிள்ளையின் தலையெழுத்து. ஈயம் என்ற சந்தேகம் மருத்துவருக்கு வந்து, பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தால் ஒழிய இந்த நஞ்சு தன் பெயரை வெளியே சொல்லாது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2025 வரை அமலில் இருந்த 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், மருத்துவர் கண்டதும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்களின் அட்டவணை இருந்தது. அதில் முதல் பெயரே ஈய நஞ்சுதான். அதே ஆண்டு வரை அமலில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் ஈயம் இருந்தது. ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசின் ஆபத்து என்றாலே நம் நினைவுக்கு வருவது வெடிவிபத்து ஒன்றுதான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர், 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப்பெயர்கள் நீள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விசாரணை, நிவாரணம், இரங்கல் உண்டு. வெடித்துச் செத்தால் கணக்கில் வருவார். மெதுவாகச் சிறுநீரகம் கெட்டுச் செத்தால், அவருக்கும் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

‘நாங்கள் ஈயமே சேர்ப்பதில்லை, இல்லாத நோய்க்கு எதற்குப் பரிசோதனை?’ என்று ஆலைத் தரப்பு கேட்கலாம். பெரிய ஆலைகளைப் பொறுத்தவரை அது முழு உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை முதலில் தேவை. பட்டாசையே அடியோடு தடைசெய்ய வேண்டும் என்று வழக்கு மேல் வழக்கு வரும் காலத்தில், நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் ரத்த அறிக்கையை விட நல்ல சாட்சி ஓர் ஆலைக்குக் கிடைக்குமா? ஆனால் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து நம்பச் சொன்னால், பேரியத்தின் கதையை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. தடை மீறப்படுகிறது என்ற புகார் எழுந்து, 2020 மார்ச்சில் சிபிஐயின் சென்னை இணை இயக்குநரை விசாரிக்கச் சொன்னது. தடைக்குப் பிறகும் பேரியம் பயன்படுத்தப்படுவதையும், பெட்டியின் மேல் அச்சிட்டதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாததையும் அந்த அறிக்கை சொன்னது. ஆலைகள் பெருமளவில் பேரியம் வாங்கியிருப்பதையும் 2021-ல் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பேரியம் இல்லாவிட்டால் பச்சை ஒளி வராது, கம்பி மத்தாப்பே நின்றுபோகும் என்ற தொழில்துறையின் வருத்தத்தில் நியாயம் இருந்தது, இருக்கிறது. நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறு ஒன்றை. உத்தரவுக்கும் மருந்து அறைக்கும் இடையிலான தூரத்தை அந்த விசாரணை அளந்து காட்டியது. அதுவும் எதைக் கொண்டு? கொள்முதல் கணக்கைக் கொண்டு.

இந்த மண்ணுக்கு நெருக்கமான இன்னொரு பழைய வழக்கும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சித் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகி விழுந்தது. லண்டனில் பிரையன்ட் அண்டு மே ஆலைப் பெண்கள் 1888-ல் நடத்திய வேலைநிறுத்தம் புகழ்பெற்றது. அதைவிட நமக்குப் பாடமானது பத்தாண்டு கழித்து நடந்தது. பதினேழு தொழிலாளர்களின் தாடைநோயை அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக அதே நிறுவனத்துக்கு 1898-ல் அபராதம் விதிக்கப்பட்டது. தொகை இருபத்தைந்து பவுனும் சொச்சமும். தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் இருந்தும் மறைக்க முடிந்தது, மறைப்பதற்கான விலை கிள்ளுக்கீரையாக இருந்தது. வெறும் அட்டவணையின் பலம் அவ்வளவுதான். நோயை ஒழித்தது, அந்த மூலப்பொருளையே தொழிலிலிருந்து எடுத்ததுதான். அதே 1898-ல் பிரான்சில் மாற்றுச் சேர்மம் வந்தது, 1906-ல் பெர்ன் ஒப்பந்தம், இந்தியாவில் 1913-ல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது 1920-களின் தொடக்கத்தில். ஆக சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டித் தொழில் பிறக்கும்போதே அந்த நஞ்சு சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. தாடை அழுகும் நோயின் பெயர்கூடத் தெரியாமல் இங்கே மூன்று தலைமுறை குச்சி அடுக்கிப் பிழைத்திருக்கிறது. நஞ்சை எடுத்தால் தொழில் சாகும் என்று சொன்னவர்களுக்கு இந்தத் தீப்பெட்டி வட்டாரமே பதில்.

வெடிவிபத்துகளைத் தடுக்கவே ஆள் பற்றாத துறையிடம் இதையும் சுமத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. பெசோவின் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று மூன்று படிநிலை இருக்க, லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகளில் வேலை வேறொருவர் கையில் என்று உள்குத்தகை நடக்கும் இடத்தில்தான் அளவுக்கு மீறி மருந்து கலக்கப்படுகிறது. என்ன மருந்து கலந்தது என்பதற்குக் கணக்கு இல்லாமல் போவதும் அதே இடத்தில்தான். ரசாயன வியாபாரி ஈயச் சேர்மங்களை எவருக்கு எத்தனை கிலோ விற்றார் என்ற பதிவேட்டைப் பார்ப்பவர், விபத்துக்குக் காரணமான மற்ற சரக்கையும் அதே பார்வையில் பார்த்துவிடுவார்.

எனக்கு உண்மையில் கடினமாகத் தோன்றும் மறுப்பு தொழிலாளர் பக்கத்திலிருந்து வருவது. ரத்தத்தில் ஈயம் இருப்பதாகச் சீட்டு வந்தால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்பார்கள். எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒரு வாரம் உட்காருவதே கடன். 2018 தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலையில் ஊசிக்குக் கை நீட்டாமல் ஒளிவதே புத்திசாலித்தனம். இதற்கு விடை அறிவுரையில் கிடைக்காது, பணத்தில்தான் கிடைக்கும். அமெரிக்கா 1978-ல் கொண்டுவந்த தொழிலிட ஈய விதி இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எளிது. ஈயம் ஏறியவரை அந்த வேலையிலிருந்து நகர்த்த வேண்டும், ஆனால் பதினெட்டு மாதம் வரை அவருடைய வருமானம் குறையக் கூடாது, செலவு முதலாளியுடையது. இங்கே மணி மருந்து அறையிலிருந்து ஒருவரைப் பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றி, கூலி வித்தியாசத்தைக் கொடுத்தால் போதும். சிறிய ஆலையால் முடியாது என்றால் ஈ.எஸ்.ஐ. ஏற்கலாம். லைசென்ஸ் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையை வசூலித்து நிதியாகவும் வைக்கலாம். இந்தக் கூலி உத்தரவாதம் இல்லாமல் பரிசோதனையை மட்டும் கட்டாயமாக்கினால், அதைத் தொழிலாளர்கள் எதிர்ப்பதே சரி என்பேன்.

வசதிகள் ஏற்கெனவே பக்கத்தில் இருக்கின்றன. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஈய அளவைப் பார்க்கும் கருவியை அங்கே வைத்து, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆலைகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஃபேன்சி ரகம் செய்யும் அறைகளில் தொடங்கலாம். முடிவு தொழிலாளியின் கைக்கும் நேராகப் போக வேண்டும், ஆலையின் அலமாரியில் தங்கக் கூடாது. ஒன்றை மட்டும் இப்போதே எழுதிவைத்துவிட வேண்டும். ரத்தம் எடுக்கும் காலம் ஆவணி, புரட்டாசியாக இருக்கட்டும், வேலை நெருக்கும் நாட்களாக இருக்கட்டும். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்துக் கிடக்கும் வாரங்களில் முகாம் போட்டால், ரத்தத்திலிருந்த ஈயத்தில் பாதி அதற்குள் எலும்புக்கும் சிறுநீருக்கும் போயிருக்கும், அறிக்கையும் எல்லாம் நலம் என்றே வரும்.