முதல் பிஸ்டல் எது என்று கேட்கும் தம்பிமாருக்கு



சென்ற வாரம் கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் நமக்கு வொய்ஸ் அனுப்பியிருந்தார். ஊரில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கள்ளன் புகுந்திருக்கிறான். இவருடைய வீட்டில் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான உம்மா மட்டும்தான். "சேர், லீவில வந்ததும் லைசன்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கப் போறன். குறிபார்த்துச் சுடவும் பழகலாம், வீட்டுக்கும் பாதுகாப்பு. முதல்முதலா வாங்கிறதெண்டா எது நல்லம்?" என்று கேட்டார்.

அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க ஏலாது. ஆம்பிளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் வீதிக்கு வீதி இருக்கின்றன. இதே கேள்வி இன்னும் பலருடைய மனதில் இருக்கும் என்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறோம்.

முதலில் சட்டம். யூடியூபில் அமெரிக்கக்காரர் கடைக்குப் போய் பிஸ்டல் தெரிவு செய்வதைப் பார்த்துவிட்டு நம் நாட்டைக் கணக்குப் போடக் கூடாது. இங்கே 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். கிடைக்கும் பத்திரமும் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31இல் முடியும், புதுப்பிக்க வேண்டும். யானை வரும் வயலுக்கு விவசாயி எடுக்கும் சொட்கன் வேறு, வீட்டுக்குப் பிஸ்டல் வேறு. 2024 கடைசியில், தனிப்பட்ட பாதுகாப்புக்காக லைசன்ஸ் பெற்றவர்கள்கூடத் தங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. பொலிஸ்காரர் வீடு தேடி வந்து விசாரிக்கும் ஒரு சாமான் இது.

சுடுவது கெட்ட விளையாட்டு என்று நாம் சொல்லவில்லை. அம்பெய்தலைப் பழகும்படி நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சுட்டு வெள்ளி வென்ற துருக்கியர் யூசுஃப் டிகெச்சின் படத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் பகிர்ந்தார்கள். அவர் பிடித்திருந்தது எயார் பிஸ்டல். 4.5 மில்லிமீற்றர் சிறு குண்டு, 10 மீற்றர் தூரம், நடு வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. நம் நாட்டு டெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைஃபிள் சுட்டார். ஆசை விளையாட்டில் என்றால் தொடங்க வேண்டியது அங்கேதான். சங்கத்தில் சேர்ந்து, பயிற்சியாளரின் கண்முன்னால், சட்டப்படி.

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு வேலைக்கும் ஒரே ஆயுதம். சிக்கல் அதில்தான் இருக்கிறது. விளையாட்டுத் துவக்கைக் குண்டில்லாமல், பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். குண்டு வேறாக, சாவி வேறாக இருக்க வேண்டும். கள்ளனுக்கென்று வைக்கும் துவக்கோ குண்டு போட்டபடி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் நடுச்சாமத்தில் உதவும். உங்கள் கைக்கெட்டும் இடம் ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கும் எட்டும். பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கும் நாட்களில் பொம்மைத் துவக்கின் சிறு குண்டு பட்டு வீங்கிய கண்ணோடு வரும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அது பிளாஸ்டிக்.

அதோடு, நீங்கள் கட்டாரில் இருக்கும்போது அந்தப் பிஸ்டல் யாருடைய கையில் இருக்கும்? லைசன்ஸ் உங்கள் பெயரில். சுடத் தெரியாத மனைவி இருட்டில் யாரைச் சுடுவார்? சுபஹுக்கு எழும்பி வெளியே போன உம்மாவையா?

இன்னொன்றைச் சொல்லத் தயங்குகிறோம், ஆனாலும் சொல்ல வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிகக் கூடுதலான தற்கொலை வீதங்களில் ஒன்று இலங்கையில் இருந்தது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. பின்வந்த இருபது வருடங்களில் அந்த வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. மனிதருடைய கோபமும் கவலையும் இல்லாமல் போகவில்லை. அந்த ஒரு மோசமான நேரத்தில் கைக்கு எட்டிய நஞ்சுதான் இல்லாமல் போனது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வயல் செய்யும் நம் மாவட்டத்துக்கு இந்தப் பாடத்தைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

"1990இல் துவக்கு இருந்திருந்தால்..." என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அந்த வேதனை நமக்கும் உண்டு. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினர் சொட்கனோடு இரவில் காவல் நின்றதால் பல ஊர்களில் சனம் நித்திரை கொண்டது உண்மை. அதே துவக்கைக் கண்டு பக்கத்து ஊர்ச் சனம் நித்திரையில்லாமல் இருந்ததும் உண்மை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் தோளோடு தோளாக இருக்கும் கரை இது. ஒரு வீட்டுக்குள் துவக்கு வந்தால் அந்தப் பேச்சு அடுத்த ஊரில் பயமாகப் போய்ச் சேரும். 2019 ஏப்ரல் 26 சாய்ந்தமருதுச் சம்பவத்துக்குப் பிறகு, வாளையும் பெரிய கத்தியையும்கூடப் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்ன நாட்களை நாம் மறக்கவில்லை.

அப்படியானால் வீட்டுக்கு என்ன செய்வது? கள்ளன் வருவது நகைக்கும் காசுக்கும். நகையை அலுமாரியில் வைக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். பிஸ்டலுக்கு ஒதுக்கிய காசில் பின்கதவை மாற்றுங்கள், உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள், கிணற்றடிக்கும் மதிலுக்கும் ஆள் நடந்தால் எரியும் லைட் போடுங்கள், கெமரா பூட்டுங்கள். ஒழுங்கைக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கட்டும். ஆம்பிளை இல்லாத வீடுகள் எவை என்று பக்கத்து வீட்டார் நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், முகநூலில் போடத் தேவையில்லை. களவு கூடிய காலத்தில் பள்ளிவாசல் நிர்வாகமும் பொலிஸும் பேசி இளைஞர்களை முறை வைத்து இரவில் சுற்றவிடலாம். சத்தம் கேட்டால் 119, அடுத்தது அயல் வீடு. தற்காப்பு உரிமையைச் சட்டம் தருகிறது, ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு அதற்குள் அடங்காது. ஓடுகிற கள்ளனைச் சுட்டால் நீதிமன்றத்தில் நிற்பது நீங்கள்தான்.

அம்போடு பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ வருகிறவர் பிறருக்குக் காயம் படாமல் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது நபியவர்களின் கட்டளை. விளையாட்டுக்குக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்றும் தடுத்தார்கள். ஆயுதம் பற்றி நாம் பேசும்போது இந்த இரண்டையும் முதலில் நினைப்போம்.

அல்லாஹ் நம் வீடுகளையும் அயல் வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.